மிஷனுக்குப் பிலிப்பைன்ஸ் போகிறவர்களுக்கு: ஒவ்வொரு நாளையும் ஓட்டுவது எப்படி

சபையிலிருந்து மிஷன் ஊழியத்துக்கு அழைப்புக் கடிதம் வந்துவிட்டது, பிலிப்பைன்ஸ் என்று போட்டிருக்கிறது. இனி பார்க்கிறவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு அறிவுரை சொல்வார்கள். கிளைத் தலைவர் வேதம் படிக்கச் சொல்வார், அம்மா சாப்பாட்டை நினைத்துக் கவலைப்படுவார், ஏற்கெனவே போய்வந்த அண்ணன்மார் வாழ்க்கையிலேயே நல்ல காலம் அதுதான் என்று தோளைத் தட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அதெல்லாம் சரிதான். ஆனால் காலை ஆறரைக்கு எழுந்ததிலிருந்து இரவு பத்தரைக்கு விளக்கை அணைக்கிற வரைக்கும் என்ன செய்வது, யாரோடு செய்வது, எங்கே இடறும் என்பதை யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை. ஆண்களுக்கு 24 மாதம், பெண்களுக்கு 18 மாதம், கிட்டத்தட்ட அதே நாள்தான் திரும்பத் திரும்ப வரப்போகிறது. அந்த ஒரு நாளை நடத்தப் பழகிக்கொள்வதுதான் முதல் வேலை.

சபைக்கு வெளியே இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. மார்மன் என்று வெளியில் சொல்கிறார்களே, அந்தச் சபையின் முழுப்பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்துவின் சபை. 2018 ஆகஸ்டில் அப்போதைய சபைத் தலைவர் ரசல் நெல்சன் முழுப்பெயரையே சொல்லும்படி கேட்டுக்கொண்டதால் உள்ளே இருப்பவர்கள் இப்போது மார்மன் என்று சொல்வது குறைந்துவிட்டது. கழுத்துப்பட்டியும் சட்டையில் கறுப்புப் பெயர்ப் பட்டையுமாக ஜோடி ஜோடியாகத் தெருவில் நடக்கும் இளைஞர்கள் இவர்கள்தான். சபையின் போதனையைச் சொல்ல வேறு ஊருக்குப் போய்ச் செய்யும் அந்த முழுநேர ஊழியத்தைத்தான் மிஷன் என்கிறோம். சம்பளம் கிடையாது. எந்த நாடு என்று தேர்ந்தெடுக்கவும் முடியாது, அது சபையின் தலைமையகம் இருக்கும் சால்ட் லேக் சிட்டியிலிருந்து வரும். ஆண்கள் 19 வயதில் போய்க்கொண்டிருந்ததை 2012 அக்டோபரில் 18 ஆகக் குறைத்தார்கள், அதனால் பள்ளியை முடித்த கையோடு கிளம்புகிறவர்கள் நிறைய. இது வரைக்கும் ஒரு சட்டையைக்கூடத் தானே துவைத்திராத பிள்ளைகளும் அதில் இருப்பார்கள், அவர்களுக்காகத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன்.

பயிற்சி மையம் மணிலாவை ஒட்டிய கேசான் சிட்டியில், நம் சபையின் கோயிலுக்கு எதிரிலேயே இருக்கிறது. அங்கே இருக்கும் வாரங்களில் பாடம், ஜெபம், மொழி என்று மூச்சுவிட நேரம் இருக்காது. அதைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம், அங்கே எல்லாமே கைக்கு வரும், உணவு நேரத்துக்குத் தட்டில் இருக்கும். பெயர்ப் பட்டையில் ஆண்களுக்கு எல்டர், பெண்களுக்கு சிஸ்டர் என்று போட்டுக் கடைசிப் பெயரைப் போடுவார்கள். பாஸ்போர்ட்டில் கடைசிப் பெயராக அப்பா பெயர் இருந்தால் பெரும்பாலும் அதுதான் அந்த 24 மாதமும் உங்கள் பெயர். ஊரே உங்களை அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிடும்போது முதலில் திரும்பிப் பார்க்கவே தோன்றாது, பழகிவிடும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். எல்லோரும் மொழியை நினைத்துப் பயப்படுகிறார்கள், முன்பின் தெரியாதவர் வீட்டு வாசலில் நிற்பதை நினைத்துப் பயப்படுகிறார்கள். இரண்டும் சில மாதங்களில் வந்துவிடும். மிஷனை ஆக்குவதும் கெடுப்பதும் கம்பேனியன்தான், அதாவது உங்களோடு ஜோடியாகப் போடுகிற இன்னொரு மிஷனரி. குளியலறையும் மிஷன் தலைவரோடு நடக்கும் நேர்காணலும் தவிர வேறு எங்கேயும் நீங்கள் தனியாக இருக்கப்போவதில்லை. தனித்தனிக் கட்டில், ஆனால் ஒரே அறை. கடைக்கு அவர் வந்தால்தான் நீங்கள் போக முடியும், அவருக்குக் காய்ச்சல் என்றால் உங்களுக்கும் அன்றைக்கு வீடுதான். அவரை நீங்கள் தேர்ந்தெடுக்கவும் இல்லை. நேற்று வரைக்கும் இன்னொரு தீவில் மீன்பிடிக் குடும்பத்தில் வளர்ந்தவராக இருக்கலாம், அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் பெரிய வீட்டில் வளர்ந்தவராக இருக்கலாம்.

சண்டை வேதத்தில் வராது, மின்விசிறியில் வரும். நிஜமாகவே சொல்கிறேன். மே மாதத்து இரவில், ஒரே ஒரு நின்ற விசிறி இருக்கிற அறையில், அது யார் பக்கம் திரும்பி இருக்கிறது என்பது பெரிய விஷயம். அப்புறம் அலாரம் அடித்தும் எழாமல் இருப்பது, சோற்றுப் பானையை ஊறப்போட்டுவிட்டுக் கழுவாமல் விடுவது, குளிக்க அரை மணி நேரம் எடுப்பது. இந்த மாதிரி அற்பங்களை முதல் இரவே பேசிவிடுங்கள். விசிறி சுழலட்டும், நடுவில் வையுங்கள், சமைக்கிறவர் ஒருவர் என்றால் கழுவுகிறவர் இன்னொருவர், முடிந்தது. வாரத்துக்கு ஒருமுறை இருவரும் உட்கார்ந்து எது சரியாகப் போகிறது, எது போகவில்லை என்று பேசிக்கொள்ளச் சொல்லித் திட்டத்திலேயே நேரம் வைத்திருக்கிறார்கள். நிறைய பேர் அதை இரண்டு நிமிடத்தில் "எல்லாம் ஓகே" என்று முடித்துவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அந்த வாரம் அவர் செய்ததில் உங்களுக்குப் பிடித்த ஒன்றை முதலில் சொல்லுங்கள், பிறகு உறுத்துகிற ஒன்றே ஒன்றைச் சொல்லுங்கள், பட்டியல் வாசிக்காதீர்கள். அமெரிக்கர்கள் பெரும்பாலும் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு ஐந்து நிமிடத்தில் மறந்துவிடுவார்கள். பிலிப்பினோ கம்பேனியன் மனம் நொந்தால் அநேகமாகக் கத்தமாட்டார், பேச்சைக் குறைத்துக்கொள்வார், கேட்டால் ஒன்றுமில்லை என்பார். அந்த "ஒன்றுமில்லை"யை நம்பிவிட்டுப் போய்விடாதீர்கள், நம் வீடுகளிலும் அதே பதில்தானே. ஒரு ரொட்டி வாங்கிக் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள், நீங்களாகத் துருவாமல் இருங்கள், அவரே பேசுவார்.

காலை விஷயம் எளிது. எழுந்து ஜெபம், உடற்பயிற்சி, குளியல், சாப்பாடு, எட்டு மணி வாக்கில் தனிப் படிப்பு, பிறகு கம்பேனியனோடு படிப்பு, மொழி. 2017க்குப் பிறகு இந்த நேரங்களை அந்தந்த ஊருக்கு ஏற்ப மிஷன் நிர்வாகங்கள் கொஞ்சம் மாற்றிக்கொள்ள முடிகிறது, ஆனால் ஆறரையும் பத்தரையும் பொதுவாக அப்படியேதான். பல வீடுகளில் ஷவர் இருக்காது, வாளியும் தாபோ என்கிற பிளாஸ்டிக் செம்பும்தான், நமக்கு இதில் கஷ்டமே இல்லை. குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள். தெருவுக்குத் தெரு சுத்திகரித்த தண்ணீர் நிரப்பும் கடை இருக்கும், பெரிய கேனைக் கொடுத்து நிரப்பி வாங்குங்கள். இரண்டு கேன் வைத்திருந்தால் ஒன்று தீர்ந்த நாளில் தவிக்க வேண்டியதில்லை.

வெளியே கிளம்பினால் பெரும்பாலும் நடை, இல்லையென்றால் டிரைசைக்கிள் (பக்கத்தில் இருக்கைப் பெட்டி வைத்த மோட்டார் சைக்கிள்), ஜீப்னி (நீளமான ஜீப் மாதிரி மினிபஸ்). ஜீப்னியில் பின்பக்கமாக ஏறி, காசைப் பக்கத்தில் இருப்பவர் கையில் "பாயாத் போ" என்று கொடுத்தால் அது கைமாறிக் கைமாறி ஓட்டுநருக்குப் போகும், மீதியும் அப்படியே திரும்பி வரும். நீங்கள் நடுவில் உட்கார்ந்திருந்தால் மற்றவர்கள் காசையும் வாங்கிக் கடத்த வேண்டும், அதைச் செய்யாமல் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருப்பது மரியாதை இல்லை. இறங்க "பாரா போ". சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள், காலையில் முதல் சவாரிக்கு ஆயிரம் பெசோ நோட்டை நீட்டினால் யாருக்கும் பிடிக்காது.

வீட்டு வாசலில் இரும்பு கேட்டைத் தட்டாதீர்கள், உலுக்காதீர்கள். வெளியே நின்று "தாவோ போ" என்று கொஞ்சம் சத்தமாகக் கூப்பிடுங்கள், யாராவது வருவார்கள். நாய் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அங்கே வெறிநாய்க்கடி நிஜமான ஆபத்து, கீறல் பட்டால்கூட உடனே சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு மிஷன் அலுவலகத்துக்குச் சொல்லி ஊசிக்குப் போக வேண்டும், நாளைக்குப் பார்ப்போம் என்று விடக்கூடாத ஒன்று அது. உள்ளே அழைத்தால் செருப்பை வாசலில் விடுங்கள். பெரியவர்கள் இருந்தால் அவர்கள் கையை எடுத்து உங்கள் நெற்றியில் ஒற்றிக்கொள்வது அங்கே வழக்கம், "மானோ போ" என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள், ஒரு பாட்டியின் முகம் எப்படி மலர்கிறது என்று அப்போது பார்ப்பீர்கள். நீங்கள் எல்டர்களாக இருந்து வீட்டில் ஒரு பெண் மட்டும் தனியாக இருந்தால் உள்ளே போகாதீர்கள். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போடச் சொல்லி, தெருவில் போகிறவர்கள் பார்க்கிற இடத்தில் உட்கார்ந்து பேசலாம், அல்லது சபை அக்கா ஒருவரை அழைத்துக்கொண்டு இன்னொரு நாள் வரலாம். உங்கள் பாதுகாப்புக்கும் அந்தப் பெண்ணின் பெயருக்கும் அதுதான் நல்லது.

உட்கார்ந்ததும் காபி வரும். பாக்கெட்டை உடைத்து வெந்நீர் ஊற்றிக் கலக்கிய காபி, சர்க்கரை தூக்கலாக. சபை விதிப்படி நமக்குக் காபியும் டீயும் கிடையாது, ஆனால் போன வீட்டில் கொடுத்ததைத் தொடாமல் வைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று நம் ஊரில் வளர்ந்தவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கலக்கிக் கொண்டுவந்த பிறகு மறுத்தால் அவர்கள் காசு வீணாகும். அதனால் உள்ளே நுழைந்ததும், அவர்கள் அடுப்பங்கரைப் பக்கம் திரும்புவதற்கு முன்பே, "தண்ணீர் மட்டும் போதும்" என்று கேட்டு வாங்கிவிடுங்கள். கேட்டு வாங்கியவரை யாரும் தவறாக நினைப்பதில்லை. சாப்பாட்டில் நமக்கு அதிர்ஷ்டம், மூன்று வேளையும் சோறு, கையால் சாப்பிட்டால் ரொம்பச் சந்தோஷப்படுவார்கள், சினிகாங் என்கிற புளிப்புச் சாறு நம் ரசத்துக்குப் பக்கத்து வீடு. ஆனால் பன்றி இறைச்சி எங்கும் உண்டு. தினுகுவான் என்று கறுப்பாக ஒரு குழம்பு, அது பன்றி இரத்தத்தில் செய்தது, தெரிந்துகொண்டு சாப்பிடுங்கள். சைவம் என்றால் அழைப்பு வரும்போதே சொல்லிவிடுங்கள், பந்தியில் உட்கார்ந்த பிறகு அல்ல. ஏழை வீட்டில் பரிமாறினால் குறைவாக எடுத்துக்கொள்ளுங்கள், பாத்திரத்தில் மீதி இருப்பதைச் சாப்பிடப் பின்னால் பிள்ளைகள் காத்துக்கொண்டிருப்பார்கள்.

மொழிக்கு ஒரே வழி பேசுவதுதான். ஆங்கிலம் நிறையப் பேருக்குப் புரியும் என்பதே அங்கே பெரிய பொறி. முதல் நாளிலிருந்து கடையில், டிரைசைக்கிளில், பிள்ளைகளிடம் தகாலாக் பேசுங்கள் (வைசயாஸ் தீவுகள் பக்கம் போட்டால் செபுவானோ அல்லது ஹிலிகைனோன்). சபைச் சொற்களை மட்டும் கற்றுக்கொண்டு நிறுத்திவிட்டால் பாவம், மன்னிப்பு பற்றியெல்லாம் பேசுவீர்கள், தக்காளி வாங்கத் தெரியாது.

பணம். வாடகையை மிஷன் அலுவலகம் பார்த்துக்கொள்ளும். சாப்பாடு, போக்குவரத்து, சோப்பு எல்லாவற்றுக்கும் மாதாமாதம் கார்டில் ஒரு தொகை வரும். இது யாரோ கொடுக்கிற சும்மா பணம் இல்லை. அமெரிக்காவில் 2020 ஜூலையிலிருந்து ஒரு குடும்பம் மாதம் 500 டாலர் கட்டுகிறது, மற்ற நாடுகளில் தொகை வேறு, கட்ட முடியாதவர்களுக்குச் சபை நிதி உதவுகிறது. வந்த அன்றே அரிசியும் தண்ணீரும் வண்டிச் செலவும் எடுத்துத் தனியே வைத்துவிடுங்கள், மீதியில்தான் துரித உணவுக் கடை. வெள்ளைச் சட்டை கிழிந்தால் புதிது வாங்க மாலுக்கு ஓட வேண்டாம், உக்காய்-உக்காய் என்று பழைய துணிக் கடைகள் எல்லா ஊரிலும் இருக்கின்றன, அருமையான சட்டை கிடைக்கும்.

வாரத்தில் ஒரு நாள் ஆயத்த நாள், பி-டே என்பார்கள், பல மிஷன்களில் திங்கட்கிழமை. ஓய்வு நாள் என்று நினைத்துக்கொண்டு படுத்துவிட்டால் வாரம் முழுக்க நாறும். காலையிலேயே துணியை ஊறப்போட்டுத் துவைத்துக் காயப்போடுங்கள், மழைக்காலத்தில் இரண்டு நாள் காயும், காலர் அழுக்கைத் தேய்க்க ஒரு பழைய பல்துலக்கி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் கடை, முடிவெட்டு, வீடு சுத்தம், கூடைப்பந்து. கடல் எவ்வளவு அழகாக இருந்தாலும் மிஷனரிகளுக்கு நீச்சல் கிடையாது, அது தெரிந்தே போங்கள். வீட்டோடு பேசுவதும் அன்றைக்குத்தான். முன்பெல்லாம் வாரம் ஒரு மின்னஞ்சல், வருஷத்தில் இரண்டு தடவை ஃபோன், அவ்வளவுதான். 2019 பிப்ரவரியிலிருந்து வாராவாரம் வீடியோவில் பேசலாம். பேசுங்கள், ஆனால் அரை நாளையும் அதிலேயே போட்டுவிடாதீர்கள், வைத்த பிறகு வரும் வீட்டு நினைப்பு பேசின நேரத்தைவிட நீளமானது. அம்மாவிடம் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லாமல் என்ன சமைத்தீர்கள், யாரைப் பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள், அவருக்குத் தூக்கம் வரும்.

ஜூன் முதல் நவம்பர் வரை புயல் அடிக்கடி வரும். அலுவலகம் வெளியே போகாதே என்றால் போகாதீர்கள், பாடம் இருக்கிறது, பாவம் காத்திருப்பார்கள் என்றெல்லாம் யோசிக்க வேண்டாம். மெழுகுவத்தி வேண்டாம், டார்ச், சார்ஜ் ஏற்றிய பவர் பேங்க், மூன்று நாளுக்கு அரிசி, டின் மீன், தண்ணீர். வெள்ளத்தில் இறங்கி நடக்க நேர்ந்தால் எலிக்காய்ச்சல் வர வாய்ப்பு உண்டு, காலில் சின்ன வெட்டு இருந்தாலும் அன்றே மிஷனில் உடல்நலம் பார்ப்பவரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், மாத்திரை தரலாமா என்று அவர்கள் பார்ப்பார்கள். டெங்கு வேறு இருக்கிறது, கொசுவலை கட்டிப் படுங்கள்.

மனசு சரியில்லாமல் போகும் நாட்களும் வரும். நாள் முழுக்க ஒருவர்கூடக் கதவைத் திறக்காத நாளைச் சொல்லவில்லை, அது எல்லோருக்கும் உண்டு, தூங்கி எழுந்தால் போய்விடும். வாரக்கணக்காகத் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, காலையில் எழவே பயமாக இருக்கிறது என்றால் அது விசுவாசக் குறைவு இல்லை. மிஷன் தலைவரிடமோ அவர் மனைவியிடமோ நேரடியாகச் சொல்லுங்கள், ஆலோசகரோடு பேச வழி செய்வார்கள். அதற்குப் பிறகும் வீட்டுக்குத் திரும்பினால்தான் சரியாகும் என்றால் திரும்புங்கள். பெற்றோர் யாராவது இதைப் படித்தால் உங்களையும் கேட்டுக்கொள்கிறேன், சீக்கிரம் வந்த பிள்ளையை ஊருக்குப் பயந்து ஒளித்து வைக்காதீர்கள், விமான நிலையத்துக்கு எல்லோருமாகப் போய் அழைத்து வாருங்கள்.

ஆறு வாரத்துக்கு ஒருமுறை டிரான்ஸ்ஃபர் அறிவிப்பு வரும். நீங்கள் போகலாம், கம்பேனியன் போகலாம், இரண்டு பேரும் இருக்கலாம், இரண்டு நாள் முன்னால்தான் தெரியவரும். அதனால் சாமான் சேர்க்காதீர்கள். போவது நீங்கள் என்றால் சந்தித்த ஒவ்வொருவரையும் பற்றி ஃபோனில் இருக்கும் பதிவில் தெளிவாக எழுதுங்கள், பெயரும் தேதியும் மட்டும் போதாது. கேட் எந்த நிறம், சாரி-சாரி என்கிற பெட்டிக்கடையிலிருந்து எத்தனையாவது சந்து, கணவர் எந்த ஷிஃப்ட், மகளுக்கு உடம்பு எப்படி என்பதெல்லாம் வேண்டும், அடுத்து வருகிறவர் அந்த வீட்டில் முதல் கேள்வியாக அதைத்தான் கேட்க வேண்டும். குளிர்பெட்டியைத் துடைத்து வையுங்கள், கேன் இரண்டையும் நிரப்பி வையுங்கள், தண்ணீர்க் கடையில் பாக்கி இருந்தால் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.