சொரியாசிஸ்: மறைந்துவிட்டது என்று எண்ணும்போது நேரும் தவறுகள்

சித்த மருத்துவர்கள் காளாஞ்சகப்படை என்று குறிப்பிடும் சொரியாசிஸ், தோலில் வெளிப்பட்டாலும் நோய் எதிர்ப்பு மண்டலத்தின் கோளாறால் வருவது. ஏறத்தாழ ஒரு மாதத்தில் புதுப்பிக்கப்படும் மேல்தோல், அக்கோளாறின் தூண்டுதலால் சில நாட்களிலேயே வளர்ந்து, முதிராமலே அடுக்கடுக்காகத் தேங்கி, வெள்ளி நிறச் செதில்களாக உதிர்கிறது. இத்தூண்டுதல் சில காலம் அடங்கியிருக்குமே தவிர அழிந்துவிடுவதில்லை. அதனால், திட்டுகள் மறைந்ததும் மருத்துவரைக் கேளாமல் சிகிச்சையைக் கைவிடுவது பலரும் செய்யும் முதல் தவறு.

என்னை மிகவும் கவலைகொள்ளச் செய்வது, மருந்துக் கடையில் தாமாகவே கேட்டு வாங்கும் களிம்பு. கருந்தோலில் இந்நோய் சிவப்பாக அன்றிப் பழுப்பாகவோ ஊதாச் சாயலுடனோ தெரிவதால், படர்தாமரை என்று கருதி, ஸ்டீராய்டும் பூஞ்சை எதிர்ப்பு மருந்தும் கலந்த களிம்பை மாதக்கணக்கில் பூசுகிறார்கள். அரிப்பு விரைவில் தணிவது உண்மைதான். ஆனால் நாளடைவில் தோல் மெலிந்து, வரித்தழும்புகள் விழுந்து, நிறுத்தியதும் திட்டுகள் முன்னிலும் தீவிரமாகத் திரும்பக்கூடும். மருத்துவர் வரையறுத்த வீரியத்திலும் காலத்திலும் பூசினால் அதே ஸ்டீராய்டு நல்ல மருந்து. ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென நிறுத்துவதோ வேறு வகை ஆபத்து: உடல் முழுதும் சிவந்து தோலுரியலாம், சீழ்க்கொப்புளங்கள் எழலாம், அது மருத்துவமனைக்கு உடனே செல்ல வேண்டிய நிலை. அடியோடு குணமாக்குவதாகச் சொல்லி விற்கப்படும், உள்ளடக்கம் அச்சிடப்படாத பொடிகளிலும் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும் என்பதை மறக்கலாகாது.

நோய் எதிர்ப்பு மண்டலத்தின் மிகைச் செயலை அடக்கும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையை இந்நோய்க்கு வாரத்துக்கு 1 நாள் மட்டுமே உட்கொள்ள வேண்டும். தவறுதலாகத் தினமும் விழுங்கி, எலும்பு மஜ்ஜை செயலிழந்து உயிரிழந்தவர்கள் உண்டு. ஆகவே எந்தக் கிழமை என்பதை மருந்துச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். கருத்தரிக்கத் திட்டமிடுவோரும் மது அருந்துவோரும் அதை முன்னதாகவே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

செதில்களைப் பீர்க்கங்காய் நாரால் தேய்த்து எடுப்பதும் கூடாது. காயம்பட்ட இடத்திலேயே புதுத் திட்டு முளைப்பது இந்நோயின் இயல்பு. குளித்தவுடன், ஈரம் காய்வதற்குள் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவினால் செதில் தானாகவே இளகும்.

இது தொற்றாது, தட்டையும் துண்டையும் தனியே ஒதுக்கி வைப்பது நோயாளியை வீணாகப் புண்படுத்துகிறது.

தோலை மட்டும் பார்த்துக்கொண்டு மூட்டுகளை மறப்பதும் பெரும் பிழை. நகங்களில் சிறு குழிகள் விழுந்தாலோ, காலையில் விரல்கள் அரை மணி நேரத்துக்கு மேல் விறைத்திருந்தாலோ, குதிகால் வலித்தாலோ, வயது காரணம் என்று ஒதுக்காமல் தோல் மருத்துவரிடம் சொல்லுங்கள். சொரியாசிஸ் மூட்டழற்சியால் ஒருமுறை சிதைந்த மூட்டு பழைய நிலைக்குத் திரும்புவதில்லை.