வாடகை அறையில் பழைய காமிக்ஸ்: வன்னியில் வைப்பவர்கள் கவனிக்க வேண்டியவை

பழைய சித்திரக்கதைப் புத்தகங்களைச் சேர்ப்பவர்களுக்கு, அவற்றைச் சொந்த வீட்டில் வைத்திருக்க முடியாத ஒரு காலம் என்றைக்காவது வந்துவிடுகிறது. வீடு திருத்தும் வேலை, கொழும்புக்கு இடமாற்றம், கனடாவிலோ லண்டனிலோ உள்ள பிள்ளைகளிடம் ஆறு மாதம் போய்த் தங்குவது என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். அந்த நாடுகளில் வெப்பத்தையும் ஈரத்தையும் கட்டுப்படுத்தி வைத்த களஞ்சிய அறைகள் மாத வாடகைக்குக் கிடைக்கும். கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ அறை தேடினால் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு கடையின் பின்னறை, மாடிப்படியின் கீழுள்ள சிறு அறை, அல்லது நெல் மூட்டை அடுக்கும் ஸ்டோரின் ஒரு மூலை. எனவே, அறையை நம்பாமல் நமது ஏற்பாட்டை நம்பியே புத்தகங்களை அங்கே வைக்க வேண்டும்.

வெள்ளமும் திருட்டும்தான் முதலில் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டுக் கிளிநொச்சியின் தாழ்ந்த பகுதிகள் நீரில் மூழ்கியபோது, நான் வாடகைக்கு எடுத்திருந்த பின்னறையின் வாசற்படிக்கு இரண்டு முழம் முன்பாகவே தண்ணீர் நின்றுவிட்டது. தப்பியது என்ற நிம்மதியில் அறையைத் திறந்தும் பாராமல் இருந்துவிட்டேன். மாசியில் திறந்தபோது றங்குப் பெட்டியின் மூடி கறள் பிடித்து இறுகியிருந்தது. நெம்பித் திறந்தால் மேலே இருந்த முத்து காமிக்ஸின் அட்டை பளபளப்புக் குறையாமல் அப்படியே கிடந்தது. கையில் எடுத்தேன், எடை இல்லை. அட்டைக்கு உட்புறத்தில் தாள் இருக்க வேண்டிய இடத்தில், ஓரங்களில் மட்டும் ஒரு விரல் அகலத்துக்குத் தாள் எஞ்சிய, மண் பூசிய ஒரு குழி இருந்தது. சுவரோடு ஒட்டி வைத்த பெட்டியின் பின்பக்கம் கறளில் விழுந்த ஓட்டை வழியாகக் கறையான் ஏறியிருந்தது. மழைக்கால ஈரத்தில் நிலத்தடியிலிருந்து புறப்பட்ட அந்தப் படைக்கு, யாரும் திறக்காத இருண்ட அறையில் இரண்டு மாதம் போதுமானதாக இருந்தது.

எனவே, முற்பணம் கொடுப்பதற்கு முன் அறையைப் பகலில் ஒரு முறையும், நல்ல மழை பெய்த மறுநாள் ஒரு முறையும் பாருங்கள். சுவரின் அடிப்பகுதியில் சுண்ணாம்பு பொரிந்து வெள்ளை உப்புப் படிந்திருந்தால் நிலத்து ஈரம் சுவரில் ஏறுகிறது என்று பொருள். கதவு நிலையின் மரத்தை ஒரு திறப்பால் தட்டிப் பாருங்கள். வெற்றோசை கேட்டால் உள்ளே கறையான் குடியிருக்கக்கூடும். பென்சில் தடிப்பில் சுவரில் ஏறும் மண்கோடுகளை உரிமையாளர் முதல் நாளே துடைத்து வர்ணம் பூசியிருக்கலாம் என்பதால், மூலைகளையும் மின்குழாய் நுழையும் துளைகளையும் கைவிளக்கு அடித்துப் பார்ப்பது நல்லது. தகரக் கூரையின் நேர்கீழே உள்ள அறையை நான் எடுக்க மாட்டேன். சித்திரை, வைகாசி வெயிலில் அது அடுப்பாகிவிடும். வெப்பம் பத்துப் பாகை செல்சியஸ் கூடினால் தாள் பழுதடையும் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும். தட்டோ மேல்மாடியோ மேலே உள்ள கீழ்த்தள அறை, தரை உயரமாக இருந்தால், அதைவிட மேல்.

தமிழ்ச் சித்திரக்கதைகளுக்கு இந்த அக்கறை ஏன் கூடுதலாகத் தேவை என்பதையும் சொல்ல வேண்டும். சிவகாசியிலிருந்து 1972இல் வரத் தொடங்கிய முத்து காமிக்ஸும், 1984இல் வந்த லயன் காமிக்ஸும் நீண்ட காலம் செய்தித்தாள் அச்சிடும் மலிவான தாளில்தான் அச்சாயின. மரக்கூழிலுள்ள லிக்னின் என்ற பொருள் நீக்கப்படாத அந்தத் தாள், வெளிச்சமும் காற்றும் பட்டால் மஞ்சளாகும். தன்னுள்ளேயே அமிலம் உண்டாகி நொறுங்கும். முதுகில் உள்ள கம்பித் தையல் ஈரத்தில் கறள் பிடித்துச் சுற்றியுள்ள தாளையும் அரிக்கும். ஈரப்பதன் 65 வீதத்தைத் தாண்டி நாட்கணக்கில் நின்றால் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். ஐப்பசி முதல் மார்கழி வரை வாடைக்காற்றும் மழையும் சேர்ந்திருக்கும்போது பூட்டிய அறையில் அந்த எல்லைக்குக் கீழே இருப்பது அரிது. ஈரப்பதன்மானி ஒன்றை வாங்கிப் பெட்டிக்குள் வையுங்கள்.

அறையில் உங்களோடு வேறு யார் எதை வைக்கிறார் என்பதை வாடகைத் தொகையைவிட முதலில் கேளுங்கள். நெல் மூட்டை இருந்தால் எலியும் வண்டும் வரும். நன்றாகக் காயாத நெல் ஈரத்தையும் வெளிவிடும். அதற்கு மேலாக, நெல்லில் பூச்சியைக் கொல்ல வைக்கும் அலுமினியம் பொசுபைட்டு வில்லையிலிருந்து எழும் வாயு மனிதரையே கொல்லக்கூடியது. அந்த வில்லை வைத்துப் பூட்டிய ஸ்டோருக்குள் காமிக்ஸைப் பார்க்க என்று யாரும் நுழையக் கூடாது. பசளை மூட்டை காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் தரையில் கசியவிடும். மண்ணெண்ணெய்க் கொள்கலன் இருக்கும் இடத்தைப் பற்றி விளக்கத் தேவையில்லை.

அடுக்கும்போது இரும்பு அலுமாரித் தட்டுகளைத் தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்தி, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். கறையான் காற்றில் பறந்து பெட்டிக்குள் குதிப்பதில்லை. மண்பாதை கட்டி ஏற அதற்கு ஒரு தொடர்பு வேண்டும், அந்தத் தொடர்பு கண்ணுக்குத் தெரியும்படி இருந்தால் போதும். எறும்புக்குச் செய்வதுபோல அலுமாரிக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. பூட்டிய அறையில் அந்தத் தண்ணீரே ஈரத்தைக் கூட்டும் என்பதால் அதை இங்கே செய்ய வேண்டாம்.

ஒவ்வொரு புத்தகத்தையும் பொலிப்புரோப்பிலீன் உறையில் இட்டு, பின்னால் அமிலமற்ற அட்டை ஒன்றை வைத்து நிறுத்தி அடுக்க வேண்டும். புதுச் சட்டை வரும் சலசலக்கும் தெளிவான உறை பெரும்பாலும் இந்த வகைதான். மழை அங்கியின் மணம் வீசும் மென்மையான பீவீசீ உறையை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். அதிலிருந்து கசியும் எண்ணெய்த்தன்மை அட்டையின் மையைப் பிடித்துக்கொள்ளும். படுக்க வைத்து ஒரு முழ உயரத்துக்கு அடுக்கினால் அடியில் இருப்பவை ஒட்டிக்கொள்ளும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் வைக்கலாம், ஆனால் ஈரத்தை உறிஞ்சி நிறைந்தபின் அவை வெறும் மணல். சூடாக்கி உலர்த்தினால்தான் மறுபடியும் பயன்படும். வேப்பிலை வைப்பதை நான் குறை சொல்லவில்லை. சருகாகக் காய்ந்த இலையைத் துணியில் முடிந்து, தாளில் படாமல் வைக்க வேண்டும் என்பது மட்டுமே என் வேண்டுகோள்.

உடன்படிக்கை எழுத்தில் இருக்கட்டும். மாற்றுத் திறப்பு யாரிடம் இருக்கும், உரிமையாளர் உள்ளே நுழைய எத்தனை நாள் முன்னறிவித்தல் தர வேண்டும், வாடகை பிந்தினால் பொருளுக்கு என்ன ஆகும் என்ற மூன்றும் அதில் வர வேண்டும். கட்டடத்துக்கு உரிமையாளர் எடுத்திருக்கும் தீக்காப்புறுதி உங்கள் புத்தகங்களைக் காக்கும் என்று எண்ண வேண்டாம். தனிக் காப்புறுதி எடுப்பதானால் தலைப்பு, இதழ் எண், ஆண்டு, அட்டைப்படம் ஆகியவற்றுடன் பட்டியல் தயாரித்து அறைக்கு வெளியே ஒரு பிரதி வையுங்கள். பட்டியல் இல்லாவிட்டால் நட்டஈடு கேட்கும்போது உங்கள் சேகரிப்பு பழைய கடதாசியின் விலைக்குத்தான் மதிக்கப்படும்.

இத்தனைக்குப் பிறகும் புத்தகம் நனைந்தால், 48 மணித்தியாலத்துக்குள் கைவைக்க வேண்டும். ஒட்டிய தாள்களைப் பிரிக்க முயலாதீர்கள், வெயிலில் காயப்போடவும் வேண்டாம். நிழலில் மின்விசிறி ஓடவிட்டு, இடையிடையே உறிஞ்சுதாள் வைத்து மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். நனைந்தவை அதிகமாக இருந்தால் உறையிலிட்டு உறைநிலைப் பெட்டியில் வைத்து, சிலசிலவாக எடுத்து ஆறுதலாகக் கவனிக்கலாம். இராமபாணப் பூச்சியோ வண்டோ இருப்பதாகச் சந்தேகம் வந்தாலும் இதே வழிதான்: இரண்டு உறைகளில் காற்றுப் புகாமல் கட்டி −20 பாகையில் ஒரு வாரம், வீட்டு உறைநிலைப் பெட்டி −18க்குக் கீழே போகாவிட்டால் இரண்டு வாரம் வைத்து, வெளியே எடுத்தபின் ஒரு நாள் முழுதும் உறையைப் பிரிக்காமல் விட வேண்டும். முல்லைத்தீவு நண்பர் ஒருவர் மீன் வைக்கும் பெட்டியில் இடம் தந்தார். புத்தகங்கள் பிழைத்தன. அவற்றின் மணத்தைப் பற்றி இன்றும் வீட்டில் பேச்சு உண்டு.

அறைக்கு மாதம் ஒரு முறையாவது ஒருவர் போக வேண்டும். மழைக்காலத்தில் இரண்டு முறை. மழை விட்ட காய்ந்த பிற்பகலில் கதவைத் திறந்து ஒரு மணித்தியாலம் காற்று விடலாம், ஈரம் கனத்த காலையில் திறந்தால் வெளியிலுள்ள ஈரத்தையே உள்ளே அழைக்கிறோம். ஆடியில் சோழகம் வீசும்போது செம்புழுதி உள்ளே புகும் என்பதால் கதவின் அடியில் துணி அடைத்திருக்க வேண்டும். நீங்கள் வெளிநாட்டில் இருந்து, திறப்பு மச்சானிடமோ அயல் வீட்டு அக்காவிடமோ இருக்குமானால், பெட்டிகளைத் திறந்து பார்க்கும்படி அவர்களைக் கேட்க வேண்டாம். ஒவ்வொரு பெட்டியின் கீழும் ஒரு வெள்ளைத் தாளை, ஓரம் வெளியே தெரியும்படி விரித்து வைத்துவிட்டுப் போங்கள். அவர்கள் அந்தத் தாளை மட்டும் இழுத்துக் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பினால் போதும். அதில் மண் துகளோ, எலிப் புழுக்கையோ, மாவு போன்ற பொடியோ தெரிந்தால், அன்றைக்கே அந்தப் பெட்டியை வெளியே எடுக்கச் சொல்லுங்கள்.