எக்ஸாஸ்ட் ஃபேனும் மாமியாரின் ஊதுபத்தியும்

ஐப்பசி பிறந்தால் எங்கள் பாத்ரூம் கூரையில் கறுப்புப் புள்ளிகள் பூக்க ஆரம்பித்துவிடும். வேளச்சேரியில் இரண்டாம் மாடி ஃபிளாட். ஐந்துக்கு ஏழு அடி பாத்ரூம், ஷாஃப்ட் (குழாய்கள் இறங்கும் திறந்த இடைவெளி) பக்கம் ஒரே ஒரு வென்டிலேட்டர். இரண்டு வருடம் ப்ளீச் போட்டுத் தேய்த்ததில் தோள்வலிதான் மிச்சம். போன மார்கழியில் எக்ஸாஸ்ட் ஃபேன் வாங்கிவிட்டேன்.

ஆறு இன்ச் போதும். கூரை ஒன்பது அடி என்றால் உள்ளே இருப்பது சுமார் 9 கன மீட்டர் காற்று. மணிக்குப் பத்து முறை மாற 90 கன மீட்டர் இழுத்தால் சரி. பெட்டியில் அதைவிடத் தாராளமாகவே போட்டிருக்கும். ஈரத்தில் துருப்பிடிக்காத பிளாஸ்டிக் பாடியாக, பின்பக்கம் ஷட்டர் உள்ளதாகப் பாருங்கள். ஷட்டர் இல்லையென்றால் புறா குடியேறிவிடும்.

பாத்ரூமுக்குள் கேஸ் கீசர் இருந்தால் மட்டும் இந்த வேலையைத் தொடாதீர்கள். ஃபேன் இழுக்கிற இழுப்பில் எரிந்த புகை அறைக்குள்ளேயே திரும்பலாம். கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. முதலில் கீசரை வெளியே மாற்றுங்கள்.

சுவரை உடைக்கத் தேவையில்லை. வென்டிலேட்டரில் சாய்வாக அடுக்கியிருந்த லூவர் கண்ணாடிகளில் மேலே இருந்த இரண்டைக் கழற்றினேன். நீராவி மேலேதானே நிற்கும். அந்த இடைவெளிக்குச் சரியாக அட்டை வெட்டி, ஃபேனின் வட்டத்தையும் அதில் வரைந்து கண்ணாடிக் கடையில் கொடுத்தேன். 6 மி.மீ. அக்ரிலிக் ஷீட்டில் ஓட்டையோடு வெட்டிக் கொடுத்தார்கள். மெல்லிய ஷீட் அதிரும். வெளியே கம்பி இருந்தால் ஷட்டர் திறக்க இடம் இருக்கிறதா என்று முன்பே அளந்துகொள்ளுங்கள். ஷீட்டில் ஃபேனைத் திருகி, ஓரமெல்லாம் சிலிகான் தடவி ஒருநாள் விட்டேன்.

ஒயரிங்குக்கு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். "மெயினை ஆஃப் பண்ணிட்டேன்" என்று பெருமையாகச் சொன்னேன். அவர் டெஸ்டரை வைத்தார், எரிந்தது. பாத்ரூம் லைட் லைன் இன்வெர்ட்டரில் ஓடுவது எனக்கு மறந்தே போயிருந்தது. அதையும் அணைத்து, இன்னொரு முறை டெஸ்டர் வைத்த பிறகுதான் கையை வைத்தார். ஃபேனுக்குத் தனி சுவிட்ச், அதுவும் பாத்ரூமுக்கு வெளியே. லைட்டோடு சேர்த்துவிட்டால் குளித்துவிட்டு வெளியே வந்ததும் ஃபேனும் நின்றுவிடும். அப்போதுதானே அதற்கு வேலையே.

எல்லாம் முடிந்து ஃபேன் ஜோராகச் சுற்றியது. நீராவி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. மறுபடி கடைக்குக் கிளம்பப் போனேன். மாமியார் பூஜை அறையிலிருந்து எரிகிற ஊதுபத்தியோடு வந்து கதவின் அடியில் காட்டினார். புகை அசையவே இல்லை. கீழே மிச்சமிருந்த லூவர் பக்கம் காட்டினார், சரேலென்று மேலே ஃபேனுக்குள் போனது. ஷாஃப்ட் காற்றை லூவர் வழியே உள்ளே இழுத்து அதையே வெளியே தள்ளிக்கொண்டிருந்திருக்கிறது என் ஃபேன்!

லூவர்களை மூடினேன். கதவோ தரையோடு ஒட்டிக்கிடந்தது. ஆசாரியை வைத்து அடியில் முக்கால் இன்ச் அறுத்தேன். இப்போது ஊதுபத்திப் புகை கதவடியில் நுழைந்து, குளிக்கிற இடத்தைக் கடந்து மேலே ஏறிப் போகிறது. ஃபேன் வாங்குவதற்கு முன்பே கதவின் அடியைக் குனிந்து பார்த்திருக்கலாம்.

குளித்த பிறகு கதவைச் சாத்திவிட்டு இருபது நிமிடம் ஓட விடுகிறோம். கூரைக்கு உடனே பெயிண்ட் அடிக்கவில்லை. இருந்த பூஞ்சையைத் துடைத்து, ஒரு மாதம் காயவிட்டுத்தான் அடித்தோம்.