கால்குலேட்டர் எட்டும் ஒரு கான்ஜியும்

கால்குலேட்டரில் 8 என்று தட்டிப் பாருங்கள். நின்ற வாக்கில் ஒரு கட்டம், நடுவே ஒரு குறுக்குக்கோடு. இன்று எழுதப் போகும் கான்ஜி, அதாவது சீனத்திலிருந்து ஜப்பானிய மொழிக்கு வந்த எழுத்து, அச்சு அசலாக அதுதான்: 日. ஜப்பானில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் படிக்கும் 80 கான்ஜிகளில் இதுவும் ஒன்று. கட்டம் போட்ட நோட்டு இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கை பழகட்டும்

மொத்தம் நாலு கோடு. வரிசை முக்கியம்.

1. இடப்பக்கம் மேலிருந்து கீழாக ஒரு நேர்க்கோடு.
2. அதன் தலையில் தொடங்கி வலப்பக்கம் போய், பேனாவை எடுக்காமல் திரும்பிக் கீழே இறங்குங்கள். மூலை திரும்பினாலும் இது ஒரே கோடாகத்தான் கணக்கு.
3. நடுக்கோடு, இடமிருந்து வலம்.
4. கடைசியில் அடிக்கோடு.

பெட்டியை முழுசாக மூடிவிட்டு அப்புறம் நடுக்கோட்டைப் போடுவதுதான் எல்லாரும் செய்யும் தப்பு. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். உள்ளே ஒரு கோடு கூடிவிட்டால் அது ‘கண்’ என்ற வேறு கான்ஜி ஆகிவிடும், கவனம்.

பொருள்

சூரியன், நாள். பழங்காலச் சீனத்தில் வட்டம் போட்டு நடுவில் புள்ளி வைத்தார்கள். எலும்பில் கீறும்போது வட்டம் வளைய மறுத்துக் கட்டமாகிவிட்டது. சூரியனும் நாளும் ஒரே எழுத்தில் எப்படி என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஞாயிறு என்றால் நமக்கும் சூரியன்தானே. ஜப்பானியரின் ஞாயிற்றுக்கிழமையும் இந்த எழுத்தில்தான் தொடங்குகிறது. நாட்டின் பெயரான நிஹோனிலும் இதுவே முதலில் வரும். அடுத்த எழுத்துக்கு ‘மூலம்’ என்று பொருள். சூரியன் தோன்றும் இடம்.

இப்போது உச்சரிப்பு

தலைவலி இங்கேதான். சீனத்திலிருந்து ஒலியோடு வந்த வாசிப்பு ஓன்யோமி. ஏற்கெனவே இருந்த ஜப்பானியச் சொல்லை எழுத்தின் மேல் ஏற்றியது குன்யோமி. நம் எழுத்துக்கு இரண்டு வகையிலும் இரண்டிரண்டு வாசிப்பு உண்டு. (தமிழில் எழுதும்போது ஒலி கொஞ்சம் முன்பின் இருக்கும், ஒருமுறை காதால் கேட்டுவிடுங்கள்.)

ஓன்யோமி: நிச்சி, ஜிட்ஸு. தினமும் என்பதற்கு ‘மைனிச்சி’, விடுமுறை நாளுக்கு ‘க்யூஜிட்ஸு’.

குன்யோமி: ஹி, கா. சூரிய உதயம் ‘ஹினோதே’, காலைச் சூரியன் ‘அஸாஹி’. ‘கா’ தேதிகளில் வரும்: மூன்றாம் தேதி ‘மிக்கா’, நான்காம் தேதி ‘யொக்கா’.

இந்த நாலையும் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்காதீர்கள். எந்த இடத்தில் எது வரும் என்று அது சொல்லாது. சொல்லாகப் படித்தால் வாசிப்பு தானே ஒட்டிக்கொள்ளும். ‘இன்று’ என்பதற்கான ‘க்யோ’வில் இந்த எழுத்து இருக்கிறது, ஆனால் நாலு வாசிப்பில் ஒன்றும் இல்லை! முதல் தேதியும் அப்படித்தான், ‘ட்ஸுய்த்தாச்சி’. இவற்றை எழுத்தெழுத்தாகப் பிரிக்க முடியாது, முழுச் சொல்லாக விழுங்கத்தான் வேண்டும்.

சரி, ஒரு பயிற்சி. ஞாயிற்றுக்கிழமை ‘நிச்சியோபி’. மூன்று கான்ஜி, முதலிலும் கடைசியிலும் நம் எழுத்தே. முன்னால் ‘நிச்சி’ என்று நிற்பது, பின்னால் ‘ஹி’ மெலிந்து ‘பி’ ஆகியிருக்கிறது. நடு எழுத்துக்கு மட்டும் இடம் விட்டு, இரண்டு ஓரத்திலும் அதைப் பத்து முறை எழுதுங்கள். எழுதும்போது வாசிப்பை வாய்விட்டுச் சொல்லுங்கள், அடிக்கோடு கடைசியில்.