சின்ன வேலைதானே என்று விமானத்தில் கை வைக்கும் தம்பிகளுக்கு

குமரி மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. விமானம் ஏற திருவனந்தபுரம்தான் போக வேண்டும். ஆனாலும் குளச்சல், தக்கலை பக்கமிருந்து அமெரிக்காவுக்குப் போய் விமானம் ஓட்டப் படிக்கிற பையன்கள் உண்டு. லீவில் வந்தால் நாகர்கோவிலில் என்னைப் பார்க்க வருவார்கள், போனில் படம் காட்டுவார்கள். அமெரிக்காவில் விமான மெக்கானிக்காக இருந்தபோது நான் பார்த்து அலுத்துப்போன அதே கோளாறுகள்தான். டூல் மறந்து வைப்பது, மூடியைத் திருகாமல் விடுவது எல்லாம் யாரும் சொல்லித் தருவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பட்டியலைப் படிக்காமல் தொடங்குவது

பைலட் தானே செய்துகொள்ளக்கூடிய வேலைகளை அமெரிக்க விமானத் துறையான எஃப்ஏஏவின் விதிகளில் பகுதி 43-இன் பின்னிணைப்பு ஏ வரிசையாகச் சொல்கிறது: டயர், பேட்டரி, ஸ்பார்க் பிளக், ஆயில் ஃபில்டர் மாற்றுவது, லேண்டிங் லைட் பல்பு போடுவது இப்படி. அதுவும் நீங்கள் சொந்தமாக வைத்திருக்கும் அல்லது இயக்கும் விமானத்தில்தான். வேலை முடிந்ததும் பறக்கலாம் என்று கையெழுத்துப் போட குறைந்தது பிரைவேட் பைலட் சான்றிதழ் வேண்டும். ஸ்டூடன்ட் பைலட் கையெழுத்து செல்லாது.

பழைய கேஸ்கெட்

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. தேங்காப்பட்டணத்துப் பையன் ஒருவன், நண்பர்களோடு சேர்ந்து செஸ்னா 172 என்ற சின்ன விமானம் ஒன்றை வாங்கியிருந்தான். சின்ன வயதிலிருந்தே அப்பாவின் வள்ளத்து மோட்டாரைக் கடலில் வைத்தே கழற்றி மாட்டியவன். கை நல்ல கை. அதுதான் பிரச்சினையே.

ஒரு சாயங்காலம் ஆயிலும் ஃபில்டரும் மாற்றினான். பழைய ஃபில்டரின் வாயில் ஆயில் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம், அதாவது கேஸ்கெட், சூட்டில் இறுகி, எஞ்சின் பக்கமே ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. கறுப்பு ரப்பர், சுற்றிலும் கறுப்பு ஆயில், கண்ணுக்குத் தெரியாது. அதன் மேலேயே புதியதை முறுக்கிவிட்டான். இரண்டு கேஸ்கெட் ஒன்றன்மேல் ஒன்று. கையால் ஆட்டிப் பார்த்தால் கெட்டியாகத்தான் இருக்கும். ஆனால் 172எஸ் மாடலில் ஆயில் அழுத்தம் சாதாரணமாகவே 50 முதல் 90 பிஎஸ்ஐ. மறுநாள் காலை மேலே ஏறும்போது ஒரு கேஸ்கெட் பிதுங்கியது. எஞ்சினுக்கு அடியில் ஆயில் நிற்கும் சம்ப்பில் இருப்பதே 8 குவார்ட், ஏறக்குறைய ஏழரை லிட்டர். அது வயிற்றுப் பக்கமெல்லாம் வழிந்தது. திரும்பி வந்து பத்திரமாக இறங்கிவிட்டான். எஞ்சின்தான் போயிற்று. அதைப் பிரித்துச் சரிசெய்த காசுக்கு ஊரில் ஒரு வீடு கட்டியிருக்கலாம்.

"ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தியா மக்கா?" என்றேன். "சத்தம் நல்லாத்தான் இருந்தது அண்ணே" என்றான். சத்தத்தைப் பற்றி யார் கேட்டது? ஆயில் கசிகிறதா என்று பார்த்தானா என்பதுதான் கேள்வி.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். கழற்றிய ஃபில்டரின் வாயில் கேஸ்கெட் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது எஞ்சினில் இருக்கிறது. எஞ்சின் பக்கத்தைத் துணியால் துடைத்துவிட்டு விரலை ஒரு சுற்று ஓட்டுங்கள். புதிய கேஸ்கெட்டில் டிசி-4 என்ற சிலிக்கோன் கிரீஸ் தடவி, ஃபில்டர் டப்பாவின் மேலேயே அச்சடித்திருக்கும் அளவுக்கு, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள். ஃபில்டர் கழலாமல் கட்டும் கம்பியான சேஃப்டி வயர், ஃபில்டர் கழலப் பார்த்தால் அதை இறுக்கும் திசையில் இழுக்க வேண்டும். அப்புறம் கவுலிங், அதாவது எஞ்சின் மூடி, இல்லாமல் எஞ்சினை ஓட்டி, நிறுத்தி, ஆயில் கசிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய ஃபில்டரை வீசிவிடாதீர்கள். வெட்டி மடிப்புகளை விரித்தால், உலோகத் துகள் இருக்கிறதா என்று தெரியும்.

லாக்புக்கில் எழுதாதது

அந்த விமானத்தின் பராமரிப்புப் பதிவேடான லாக்புக்கில் ஃபில்டர் மாற்றியதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. என்ன வேலை, முடித்த தேதி, கையெழுத்து, சான்றிதழ் எண், அது எந்தச் சான்றிதழ் என்பது, இவ்வளவும் எழுத வேண்டும். பல்பு மாற்றினாலும் எழுத வேண்டும்.

கீழே விழுந்த ஸ்பார்க் பிளக்

குப்பையில் போடுங்கள். உள்ளே பீங்கானில் விரிசல் விட்டிருந்தால் வெளியே தெரியாது.

கோட்டாறு நட்டு போல்ட்டு

கோட்டாறு கடைத்தெருவில் வாங்கிய சாதாரண நட்டு போல்ட்டை விமானத்தில் போடக் கூடாது.

டயர்

பல சிறிய விமானங்களின் வீல் இரண்டு பாதியாக போல்ட்டால் பிணைத்தது. காற்றை முழுக்க இறக்காமல் அந்த போல்ட்டைத் தொட்டால் பாதி வீல் முகத்துக்கு வரும்.

ஊருக்கு வந்த பிறகும் அதே பழக்கம்

அமெரிக்கப் பட்டியல் இங்கே செல்லாது. விடி என்று பதிவு எண் தொடங்கும் விமானத்துக்கு இந்திய விமானத் துறை இயக்குநரகமான டிஜிசிஏவின் விதிதான். பயிற்சி நிலையத்து விமானத்தில் உங்கள் கைக்கு வேலை இல்லை. உரிமம் வாங்கிய ஏஎம்இ, அதாவது விமானப் பராமரிப்பு எஞ்சினியர், கையெழுத்துப் போட்டால்தான் அது பறக்கும். அவர் வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். டீ வாங்கிக் கொடுத்தால் இன்னும் நிறையச் சொல்வார்.