கோப்பு வாரியாக அல்ல, நட்சத்திர வாரியாகப் பிரியுங்கள்
பிற நட்சத்திரங்களின் கோள்களைத் தேடும் நாசாவின் டெஸ் விண்வெளித் தொலைநோக்கி தரும் ஒளி வளைவுகளை (நட்சத்திரத்தின் ஒளி நேரத்தோடு மாறுவதைக் காட்டும் பதிவுகளை) இயந்திரக் கற்றல் மாதிரியின் பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரிக்கும்போது கோப்புகளைக் குலுக்கிப் போடாதீர்கள். டெஸ் பட்டியலில் ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் உள்ள அடையாள எண்ணான டிஐசி எண்ணை வைத்துப் பிரியுங்கள். பைத்தான் நிரல் நூலகமான சைக்கிட்-லேர்னின் குரூப் கே-ஃபோல்டு (GroupKFold) இதைச் செய்துவிடும்.

டெஸ் வானத்தைச் சுமார் 27 நாள் கொண்ட பகுதிகளாகப் பார்க்கிறது. சூரியப் பாதையின் துருவங்களுக்கு அருகிலுள்ள நட்சத்திரம் ஓராண்டிலேயே 13 பகுதிகள் வரை, பகுதிக்கு ஒரு வளைவாக, பதிவாகலாம். அதே நட்சத்திரம் பயிற்சி, சோதனை என இரு பக்கமும் இருந்தால், கோள் கடக்கும்போது ஏற்படும் ஒளிக்குறைவைக் கற்பதற்குப் பதிலாக மாதிரி அந்த நட்சத்திரத்தையே மனப்பாடம் செய்துவிடக்கூடும். மதிப்பெண் பொய்யாக உயரும். ஆய்வேடு முடியும் தறுவாயில் இது தெரிய வருவது கொடுமை, முதல் நாளே பிரித்துவிடுங்கள்.

நட்சத்திரத்துக்கு ஒரே வளைவுதான் என்றால் இது தேவையில்லை. அதே நட்சத்திரத்தின் வருங்கால ஒளிமாற்றத்தைக் கணிப்பதானால் காலத்தை வைத்தே பிரிக்க வேண்டும்.