பியானோல புது பீஸ் கத்துக்கிறது எப்படி? ஜி மேஜர் மினுயெட்டை வெச்சே பாத்துடலாம்

கீபோர்டு ஆரம்பிச்சு கொஞ்ச மாசம் ஆனவங்க புது பீஸ் எடுத்தா பெரும்பாலும் என்ன பண்றாங்கன்னா, முதல் பார்ல (பேப்பர்ல ரெண்டு செங்குத்துக் கோட்டுக்கு நடுவுல இருக்கிற ஒரு கட்டம் தான் பார்) இருந்து வாசிப்பாங்க, தப்பு வந்ததும் திரும்ப முதல்ல இருந்து, மறுபடி தப்பு, மறுபடி முதல்ல இருந்து, இப்படியே ஒரு மணி நேரம் ஓடிரும். ஆரம்பம் மட்டும் ஜோரா வரும், மிச்சம் அப்படியே கெடக்கும். இதை விட்டாலே பாதி வேலை முடிஞ்சுது.

உதாரணத்துக்கு எல்லாருக்கும் தெரிஞ்ச ஜி மேஜர் மினுயெட். மினுயெட்னா மூணு பீட்ல போற ஒரு பழைய ஐரோப்பிய நடன இசை. நெட்ல தேடினா எழுதினது ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்னு தான் வரும், ஏன்னா பாக் தன் மனைவிக்காக 1725-ல ஆரம்பிச்ச நோட்டுப் புத்தகத்துல இது இருக்கு, ஆனா எழுதினது கிறிஸ்டியன் பெட்ஸோல்ட்னு டிரெஸ்டன்ல இருந்த ஆர்கன் கலைஞர்.

ஸ்டெப் 1: கீயைத் தொடாம பேப்பரைப் பாருங்க

மொத்தம் 32 பார், 16 16-ஆ ரெண்டு பகுதி, ஒவ்வொரு பாருக்கும் மூணு பீட். எஃப் எல்லாம் ஷார்ப், அதாவது எஃப்-க்கு வலது பக்கத்துல இருக்கிற கறுப்பு கீ. இப்ப 9-ல இருந்து 14 வரைக்கும் ரைட் ஹேண்டைப் பாருங்க, 1-ல இருந்து 6 வரைக்கும் வந்த அதே நோட்ஸ் தான்! ஆறு பார் ஃப்ரீ. லெஃப்ட் ஹேண்ட் மட்டும் மாறும், அங்க ஏமாந்துடாதீங்க.

ஸ்டெப் 2: விரல் நம்பரை பென்சில்ல எழுதுங்க

கட்டை விரல் 1, சுண்டு விரல் 5. ரைட் ஹேண்ட்ல முதல் டி-க்கு சுண்டு விரல் (5), அப்புறம் ஜி ஏ பி சி டி-க்கு 1 2 3 4 5. மூணாவது பார்ல சி-க்கு கட்டை விரலைக் கொண்டு வந்துட்டா மேல ஜி வரைக்கும் அஞ்சு விரலும் கணக்கா உக்காரும். ஒரே நோட்டை தினம் வேற வேற விரல்ல வாசிச்சா கைக்கு எதுவுமே பதியாது. நோட்ஸ் மேல இருந்து விழுற மாதிரி காட்டுற வீடியோக்கள் எனக்குப் பிடிக்காததுக்கு இதான் காரணம், பெரும்பாலும் எந்த விரல்னு அதுல இருக்காது.

ஸ்டெப் 3: ரெண்டு பார் + ஒரு நோட்

இதான் மெயின். ரெண்டு ரெண்டு பாரா எடுங்க, ஆனா அடுத்த பாரோட முதல் நோட் வரைக்கும் வாசிச்சு நிறுத்துங்க. ஏன்னா பாருக்குள்ள யாரும் அவ்வளவா தடுமாறுறது இல்ல, ஒரு பார்ல இருந்து அடுத்ததுக்குத் தாவுற இடத்துல தான் கை நிக்கும். முதல்ல ரைட் ஹேண்ட் மட்டும், அப்புறம் லெஃப்ட் மட்டும். மெட்ரோநோமை (டிக் டிக்னு பீட் காட்டுற கருவி) 60-ல, அதாவது நிமிஷத்துக்கு 60 பீட்ல வைங்க, அதுலயும் தப்பு வந்தா 50. மூணு தடவை தொடர்ந்து சுத்தமா வந்தா அடுத்த துண்டு.

ஸ்டெப் 4: கஷ்டமான இடத்துல இருந்து ஆரம்பிங்க

இந்த பீஸ்ல அது 19, 20-வது பார். கட்டை விரல் டி-ல இருக்கும்போதே மூணாவது விரல் அதைத் தாண்டி வந்து சி ஷார்ப்பை அடிக்கணும், 23 வரைக்கும் சி எல்லாமே ஷார்ப் தான். அந்த டி, சி ஷார்ப் ரெண்டு நோட்டை மட்டும் தனியா எடுத்து மெதுவா போட்டுட்டே இருங்க, தினம் உக்காந்ததும் முதல் வேலை இதுவா இருக்கட்டும், மூளை ஃப்ரெஷ்ஷா இருக்கும்.

ஸ்டெப் 5: ரெண்டு கையும் சேத்து

சேத்ததும் எல்லாம் மறந்த மாதிரி இருக்கும், பயப்படாதீங்க, ஸ்பீடை இன்னும் குறைங்க. 2-ல இருந்து 6 வரைக்கும் லெஃப்ட்ல பாருக்கு ஒரு நீளமான நோட் தான், அதை மூணு பீட்டும் விடாம அழுத்திப் பிடிங்க, அதனால சேக்குறதை அங்க ஆரம்பிக்கலாம். 7, 8-ல லெஃப்ட் நடக்க ஆரம்பிச்சிடும், அதை அப்புறம் பாத்துக்கலாம்.

ஸ்டெப் 6: ஸ்பீடு

நாலு நாலா ஏத்துங்க, 60, 64, 68. 110 பக்கம் வந்தா மினுயெட் மாதிரி கேக்கும். அதுக்கப்புறம் போன்ல ரெக்கார்டு பண்ணுங்க, தப்பு வந்தாலும் நிறுத்தாம கடைசி வரைக்கும். கேட்டுட்டு தடுமாறின பார் நம்பரை மட்டும் பேப்பர்ல வட்டம் போடுங்க, மறுநாள் அந்த வட்டங்களை மட்டும் வாசிச்சா போதும்.